2018 ஒக்டோபர்: ஒரு ஜனாதிபதியைத் தடுத்தது எது?

கேட்கப்பட்ட கேள்வி இது: இலங்கையில் பிரதமரை நியமிப்பவரும் ஜனாதிபதி, பாராளுமன்றத்தைக் கலைப்பவரும் ஜனாதிபதி, முப்படைகளின் தளபதியும் அவரே. அப்படிப்பட்ட ஒருவரை 2018இல் நீதிமன்றம் எப்படித் தடுத்தது? "தடைகளும் சமன்பாடுகளும்" (அரசின் ஒரு பிரிவை மற்றது கட்டுக்குள் வைப்பது) என்று பாடப்புத்தகத்தில் படித்தது நிஜத்தில் வேலை செய்கிறதா, இல்லை அந்த முறை ஏதோ அதிர்ஷ்டமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் தனியாக யாரையும் தடுக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் எழுதிவைத்த சில வரிகள், ஆள் எண்ணிக்கையை விட்டுக்கொடுக்காத ஒரு பாராளுமன்றம், நியமித்தவருக்குக் கடன்படாத நீதிபதிகள் என்று மூன்று விடயங்கள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்றன. ஒன்று சரிந்திருந்தாலும் மற்ற இரண்டும் நின்றிருக்காது. இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. இதே நாட்டில் 1982இலும் 2013இலும் சரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. ஜனாதிபதியின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு, பிரதமரின் ஐக்கிய தேசியக் கட்சியோடு சேர்ந்து அமைத்த தேசிய அரசாங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அன்று மாலையே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, மகிந்த ராஜபக்சவைப் பிரதமராகப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். 2015 தேர்தலில் இதே மகிந்தவைத் தோற்கடித்துத்தான் சிறிசேன ஜனாதிபதியானார் என்பதால் நாடே வாயைப் பிளந்தது. பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு "நீக்கப்பட்டீர்" என்று கடிதம் போனது. அவர் அசையவில்லை. பிரதமரின் இல்லமான அலரி மாளிகையிலேயே இருந்துகொண்டார். அன்றிரவு அரச தொலைக்காட்சி நிலையத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. விடிந்தபோது நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள்.

மறுநாள் பாராளுமன்றம் நவம்பர் 16 வரை ஒத்திவைக்கப்பட்டது (பின்னர் அந்தத் திகதி நவம்பர் 14 ஆக மாறியது). முழுக் கதையின் சூட்சுமமும் இந்த ஒத்திவைப்பில்தான் இருக்கிறது. 225 பேர் கொண்ட சபையில் ரணிலின் அணிக்கு 106 பேர், சிறிசேன–மகிந்த அணிக்கு 95 பேர், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16, மக்கள் விடுதலை முன்னணிக்கு 6. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். 113 கையில் இருந்திருந்தால் மறுநாளே சபையைக் கூட்டி வாக்கெடுத்துக் காட்டியிருக்கலாம். மூடியதற்குக் காரணம், அது இல்லை. தேடிப்பிடிக்க மூன்று வாரம் தேவை. தேடினார்கள். சிலர் தாவினார்கள், ஓரிருவர் போன வேகத்தில் திரும்பியும் வந்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிலிருந்து மட்டக்களப்பு உறுப்பினர் ச. வியாழேந்திரன் போய்ப் பிரதி அமைச்சரானார். சில உறுப்பினர்கள் 50 கோடி ரூபா வரை விலை கேட்டதால்தான் பெரும்பான்மை சேரவில்லை என்று பின்னர் சொன்னது வேறு யாருமல்ல, ஜனாதிபதியேதான்! விலைக்கு வாங்க முயன்றார்கள் என்பதை நாட்டின் தலைவர் குறைபோலச் சொல்லிக்கொண்டது எந்த ஊரில் நடக்கும்?

எண்ணிக்கை சேராது என்று தெரிந்ததும் அடுத்த காய் நகர்ந்தது. நவம்பர் 9 இரவு, 2096/70 என்ற இலக்கமிட்ட அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ்) வெளியானது: பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, ஜனவரி 5இல் தேர்தல்.

இந்த இடத்தில்தான் எழுதிவைத்த வரிகள் வருகின்றன. 2015 ஏப்ரலில் நிறைவேறிய 19ஆவது திருத்தம், ஜே.ஆர். ஜயவர்தன 1978இல் கட்டியெழுப்பிய நிறைவேற்று ஜனாதிபதி முறையில் சில மூலைகளை வெட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் சிறிசேனவேதான். ஆதரித்து வாக்களித்தவர்கள் 212 பேர், எதிர்த்தவர் சரத் வீரசேகர ஒருவர் மட்டும். அந்தத் திருத்தத்தில் இந்த விடயத்துக்கு முக்கியமானவை மூன்று.

முதலாவது, பிரதமரை நினைத்தபடி நீக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடமிருந்து எடுக்கப்பட்டது. பிரதமர் தானாக விலகவேண்டும், அல்லது பாராளுமன்ற உறுப்புரிமையை இழக்கவேண்டும், அல்லது சபையில் தோற்கவேண்டும். இரண்டாவது, 70(1) உறுப்புரை: பாராளுமன்றம் முதலில் கூடிய நாளிலிருந்து நான்கரை வருடங்கள் முடியும்வரை கலைக்க முடியாது, அதற்குமுன் கலைக்கவேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுக் கேட்கவேண்டும். அந்தச் சபை முதலில் கூடியது 2015 செப்டம்பர் 1. நான்கரை வருடம் என்றால் 2020 மார்ச். நவம்பர் 2018 என்பது அதற்கு ஏறக்குறைய ஒன்றே கால் வருடம் முன்னால்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. என் கணிப்பில் மற்ற இரண்டையும்விட இதற்கே கனம் அதிகம். 1978 அரசியல் யாப்பின்படி, பதவியில் இருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் எந்த வழக்கும் போட முடியாது. 35(1) உறுப்புரை அந்த விடுபாட்டைக் கொடுத்தது. 19ஆவது திருத்தம் அதன் கீழே ஒரு காப்புவாசகம் சேர்த்தது: ஜனாதிபதி தன் உத்தியோக முறையில் செய்த ஒன்று அடிப்படை உரிமையை மீறுகிறது என்றால், அரசின் தலைமைச் சட்டத்தரணியான சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகப் போட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். (தமிழகத்து வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம் என்பதுதான் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்.) இந்தக் காப்புவாசகம் இல்லையென்றால் நான்கரை வருட விதி ஏட்டுச் சுரைக்காய்தான். விதி மீறப்பட்டது என்று நாடு முழுக்கத் தெரிந்திருக்கும். போய்ச் சொல்வதற்கு ஒரு வாசல் இருந்திருக்காது.

வர்த்தமானி வந்தது வெள்ளி இரவு. திங்கட்கிழமை நவம்பர் 12, மனுக்கள் வரிசையாகத் தாக்கல் ஆயின. கட்சிகள், சிவில் அமைப்புகள், தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்த பேராசிரியர் இரட்ணஜீவன் ஹூல்கூட மனுதாரர். பிரதான வழக்கு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனின் பெயரில்: சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். இன்று இலங்கையில் சட்டம் படிப்பவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. மறுநாள் மாலை, பிரதம நீதியரசர் நளின் பெரேரா தலைமையிலான மூவர் குழாம், கலைப்புக்கு டிசம்பர் 7 வரை இடைக்காலத் தடை விதித்தது.

நளின் பெரேரா பிரதம நீதியரசரானது அதே ஒக்டோபரில்தான், சிறிசேனவின் கையால்தான். "நான் போட்ட ஆள்" என்று நினைத்திருக்கலாம். ஆனால் 19ஆவது திருத்தத்தின் கீழ் ஜனாதிபதி பெயரைத்தான் அனுப்பலாம். அரசியலமைப்புப் பேரவை அங்கீகரித்தால் மட்டுமே நியமனம். அப்பேரவையில் சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோரும் இருப்பார்கள். பதவியைத் தந்தவர் ஒருவர் அல்ல என்றால், நன்றிக்கடனும் ஒருவருக்கு அல்ல.

தடையுத்தரவு வந்த மறுநாள் காலை பாராளுமன்றம் கூடியது. நீதிமன்றத்திடம் படையில்லை. உத்தரவை நிஜமாக்கியது சபாநாயகர் கரு ஜயசூரிய சபையைக் கூட்டியதுதான். அதேபோல, அந்த உத்தரவு இல்லாமல் அவராலும் கதவைத் திறந்திருக்க முடியாது. நவம்பர் 14 அன்று தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன் நிலையியற் கட்டளைகளை (சபை நடைமுறை விதிகளை) இடைநிறுத்தும்படி பிரேரித்தார், மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் அநுரகுமார திசாநாயக்க மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுவந்தார், குரல்வாக்கில் நிறைவேறியது. 122 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜனாதிபதி ஏற்கவில்லை. முறைப்படி நடக்கவில்லை என்றார்.

மறுநாள் கைகலப்பு. 16ஆம் திகதி அதைவிட மோசம். மகிந்த அணி உறுப்பினர்கள் சபாநாயகரின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கரு ஜயசூரிய பொலிஸாரின் வளையத்துக்குள் வந்தார். அந்தப் பொலிஸாரின் முகத்தில் மிளகாய்த் தூள் கலந்த தண்ணீரை வீசினார்கள், கதிரைகள் பறந்தன. தன் ஆசனத்தை நெருங்க முடியாத சபாநாயகர் வேறிடத்தில் அமர்ந்து, கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பிரேரணையை மறுபடியும் குரல்வாக்குக்கு விட்டார். மறுபடியும் நிறைவேறியது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர் "இதுதானா ஜனநாயகம்" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அன்று மிளகாய்த் தூளைக் கையிலெடுத்த தரப்பு, வாக்கெடுப்பு நடந்தால் தோற்போம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டது.

ஆனாலும் மகிந்த பதவியில்தான் இருந்தார். பாராளுமன்றம் "நம்பிக்கை இல்லை" என்று சொல்வதை ஜனாதிபதி காதில் வாங்காவிட்டால் என்ன செய்வது? பாராளுமன்றத்திடம் மிச்சமிருந்தது பணப்பை. நவம்பர் 29, பிரதமரின் அலுவலகச் செலவுகளுக்குப் பணம் விடக்கூடாது என்ற தீர்மானம் 123–0 என்று நிறைவேறியது. மகிந்த அணி சபையிலேயே இல்லை. சாதாரணக் குடிமகனுக்கு இது சப்பென்று இருக்கும். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு, நாளைக்கு இந்தச் செலவுக்கு நீர்தான் பதில் சொல்லவேண்டும் என்று கணக்காய்வு கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. மேலே யார் பிரதமர் என்று சண்டை நடக்கும்போது, கீழே அதிகாரியின் பேனை தயங்கினால் அரசு நின்றுவிடும்.

டிசம்பர் 3இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த அடியைக் கொடுத்தது. 122 உறுப்பினர்கள் கேட்டிருந்தது பழைய காலத்து எழுத்தாணை ஒன்று: எந்த உரித்தின் பேரில் நீர் இந்தப் பதவியில் இருக்கிறீர், காட்டும். காட்டும்வரை மகிந்தவும் அவரது அமைச்சரவையும் பதவியில் செயற்படக்கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அதன்பின் டிசம்பர் 12இல் ரணில் மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் 117 வாக்குகளால் நிறைவேறியது. மறுநாள், டிசம்பர் 13, ஏழு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பு: கலைப்பு அரசியலமைப்புக்கு முரண்.

சட்டமா அதிபரின் வாதம் அவ்வளவு பலவீனமானதல்ல என்பதைச் சொல்லியாகவேண்டும். 33(2)(இ) உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறது. அதில் நான்கரை வருடம் என்று எதுவும் இல்லை. அது தனி அதிகாரம், 70ஆவது உறுப்புரை அதைக் கட்டுப்படுத்தாது என்றார். ஜனாதிபதி தவறு செய்தார் என்றால் குற்றப்பிரேரணை (பதவிநீக்கத் தீர்மானம்) கொண்டுவரட்டும், இந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்றும் சொன்னார். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. 33 அதிகாரம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதை எப்போது, எப்படிப் பாவிப்பது என்பதை 70 சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும். அரசனுக்கு இருந்ததுபோன்ற எல்லையற்ற அதிகாரம் குடியரசின் ஜனாதிபதிக்கு இல்லை. அரசியலமைப்பை மீறிக் கலைத்தது, சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 12(1) உரிமையையும் மீறியது.

டிசம்பர் 15இல் மகிந்த விலகினார். 225 பேரும் கேட்டாலும் ரணிலை நியமிக்க மாட்டேன் என்று சொன்ன சிறிசேன, 16ஆம் திகதி, ஊடகங்களை உள்ளே விடாமல், அவருக்கே பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். ஒக்டோபர் 26இல் ரணிலை நீக்கியது செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இறுதித் தீர்ப்புச் சொல்லவேயில்லை என்பதையும் கவனியுங்கள். அதைத் தீர்த்தது சபையின் எண்ணிக்கை.

இனி, அதிர்ஷ்டமா என்ற கேள்வி. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. ஜே.ஆர். தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்தி, அதே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டினார். சபை இருந்தது, நீதிமன்றம் இருந்தது. ஜனாதிபதிக்கு "இல்லை" என்று சொல்லும் தேவை உள்ள ஆள் சபைக்குள் போதிய அளவு இல்லை. 2013 இன்னும் கசப்பானது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜனவரி 7இல் ரத்துச் செய்தது. நாலு நாள் கழித்து பாராளுமன்றம் 155–49 என்று குற்றப்பிரேரணையை நிறைவேற்றியது, ஜனாதிபதி மகிந்த அவரை வீட்டுக்கு அனுப்பினார். 2018இல் எழுத்தாணை கேட்கப்பட்ட அதே நீதிமன்றம்தான் அது. ஒரு தடவை அதன் உத்தரவு ஒரு பிரதமரை நிறுத்தியது, மறு தடவை காகிதமாகப் போனது. வித்தியாசம் நீதிபதிகளின் துணிச்சலில் இல்லை. உத்தரவைத் தூக்கிப்பிடிக்கச் சபையில் பெரும்பான்மை இருந்ததா என்பதில்தான்.

ஆகவே அந்த முறை சூழ்நிலையும் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் எழுதிவைத்த வரிக்குத் தனியான பலம் ஒன்று உண்டு என்பதற்கு யாரும் சத்தம் போடாத ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 நவம்பரில் பெரும் வெற்றியோடு வந்த கோட்டாபய ராஜபக்சவுக்கும் சபையில் பெரும்பான்மை இல்லை. அன்றே கலைக்க ஆசை இருந்திருக்கும். 2020 மார்ச் 2 வரை காத்திருந்துதான் கலைத்தார். சம்பந்தன் வழக்கின் தீர்ப்பு அங்கே ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தது.

தடுப்பதால் ஆட்சி நடந்துவிடுமா என்றால், இல்லை. ஜனாதிபதியும் பிரதமரும் முகம் பார்க்காத நாடாகத்தான் 2019 பிறந்தது. தேசிய பாதுகாப்புச் சபைக்கு ரணில் அழைக்கப்படவேயில்லை. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தது அந்த நிலையில்தான். முன்கூட்டியே கிடைத்த புலனாய்வு எச்சரிக்கை எங்கோ தேங்கிக் கிடந்தது. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அதுவும் பாதிக்கப்பட்டவர்கள் உட்படப் பலர் போட்ட வழக்குகளில்.

தமிழர் ஒருவர் இதைப் படித்தால் இன்னொரு கேள்வி எழும், எழவேண்டும். பிரதமர் பதவியைக் காப்பாற்றத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்குகள் இல்லாமல் 113 வந்திருக்காது. வழக்கின் தலைப்பில் தமிழ்ப் பெயர், நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் கனக ஈஸ்வரனும் சுமந்திரனும். அதே ஒக்டோபர் 24 நள்ளிரவில் வட மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்தது. அதாவது நெருக்கடிக்கு இரண்டு நாள் முன்னர். அதற்குத் தேர்தல் நடத்தாமல் வருடக்கணக்காகக் கிடந்ததை எந்த எழுத்தாணையும் அசைக்கவில்லை. கொழும்பில் இரு பெரிய கட்சிகள் ஒன்றையொன்று தடுக்கும்போது இயங்கும் இயந்திரம், இரண்டுக்குமே அக்கறையில்லாத விடயத்தில் இயங்குவதில்லை.

கடைசியாக, இன்றைய நிலை. 2020 ஒக்டோபரில் 156 வாக்குகளோடு வந்த 20ஆவது திருத்தம் 19ஐப் பெரும்பாலும் அழித்தது. அரசியலமைப்புப் பேரவை போனது. அந்த இடத்தில் அபிப்பிராயம் மட்டும் சொல்லும் ஒரு சபை வந்தது. ஜனாதிபதி மீது வழக்குப் போடும் அந்தக் காப்புவாசகத்தையும் தூக்கப் பார்த்தார்கள். அதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் விட்டுவிட்டார்கள். கோட்டாபய நாட்டைவிட்டு ஓடிய பின், 2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் 179 வாக்குகளால் நிறைவேறிப் பேரவையை மீட்டது (எதிர்த்தவர் மறுபடியும் சரத் வீரசேகர ஒருவரே, ஒரு விதத்தில் கொள்கைப் பிடிப்புத்தான்). ஆனால் நான்கரை வருடம் திரும்பி வரவில்லை. இப்போது இரண்டரை வருடம் முடிந்தாலே ஜனாதிபதி கலைக்கலாம்.

2018 நவம்பர் 14இல் நம்பிக்கையில்லாப் பிரேரணையைக் கொண்டுவந்த அநுரகுமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். அவரது கட்சிக்குச் சபையில் 225இல் 159 இடங்கள், மூன்றில் இரண்டுக்கும் மேல். ஆகவே சபை என்ற தடை 2018இல் இருந்த மாதிரி இப்போது இல்லை. மிச்சமிருப்பது நீதிமன்றமும், அதற்கு ஆள் போடும் பேரவையும். பத்துப் பேர் கொண்ட அப்பேரவையில் வெளியிலிருந்து வரும் மூவர் யார், ஜனாதிபதி அனுப்பும் பெயர்களில் எதையாவது அது திருப்பி அனுப்புகிறதா என்பதைப் பத்திரிகையில் தேடிப் படியுங்கள். உங்கள் கேள்விக்கான அடுத்த பதில் அங்கேதான் வரும்.